தகிக்கும் அறை, ஓதம் ஏறிய சுவர், மூச்சுமுட்டும் காற்று: கட்டடக் குறைகளை அறிகுறியிலிருந்து கண்டறிந்து நீக்கும் வழிமுறை

கட்டடத்தின் குறைகள் பெரும்பாலும் தவறான பெயரோடுதான் நம்மிடம் வந்து சேர்கின்றன. கூரை ஒழுகுகிறது என்று சொல்லப்படும் இடத்தில் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருக்கும். ஏசி போதவில்லை என்று புகார் வரும் அறையில் மேற்கு ஜன்னல் எந்த மறைப்பும் இல்லாமல் வெயிலை வாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே இந்த வழிமுறை அறிகுறியில் தொடங்கி, எளிய சோதனையால் காரணத்தை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே பொருளையும் வேலையையும் தேர்ந்தெடுக்கிறது. பசுமைக் கட்டுமானப் பொருள் என்று விற்கப்படும் எதையும் காரணம் தெரிவதற்கு முன் வாங்க வேண்டாம். நல்ல பொருளும் பொருந்தாத இடத்தில் வைக்கப்பட்டால் புதிய குறையை உண்டாக்கும்.

சோதனைகளுக்குத் தேவைப்படும் கருவிகள் சிலவே: பரப்பின் வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறு கருவி, கார்பன் டை ஆக்சைடு அளவி, ஒரு சதுர அடிக்குச் சற்றுப் பெரிய பாலிதீன் தாள், ஒட்டுநாடா, டார்ச் விளக்கு, ஓர் ஊதுபத்தி. பல அறிகுறிகள் ஒரே நேரத்தில் தென்பட்டால் முதலில் நீரையும், அடுத்துக் காற்றையும், கடைசியாக வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். ஈரமான காப்புப் பொருள் வெப்பத்தைத் தடுக்காது. ஈரம் இருக்கும் அறையின் இடுக்குகளை அடைத்தால் பூஞ்சணம்தான் பெருகும்.

மேல்தள அறை இரவிலும் தணியவில்லை

பிற்பகல் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் அறையின் உட்கூரை, நான்கு சுவர்கள், தரை ஆகியவற்றின் பரப்பு வெப்பத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரவு 9 மணிக்கு உட்கூரை அறைக் காற்றைவிட 3, 4 டிகிரி கூடுதலாகவும், சுவர்கள் காற்றின் வெப்பத்தை ஒட்டியும் இருந்தால் குற்றவாளி கூரைதான். 150 மி.மீ. கான்கிரீட் தளம் வெயிலின் வெப்பத்தைச் சில மணி நேரம் தாமதப்படுத்தி உள்ளே அனுப்புகிறது. நண்பகல் வெயில் அறையில் உறைப்பது மாலையில்தான். பளபளப்பான உலோகப் பரப்பில் அகச்சிவப்பு வெப்பமானி தவறான அளவைக் காட்டும் என்பதால், தகரக் கூரையாக இருந்தால் ஓரிடத்தில் காகித நாடாவை ஒட்டி, அது கூரையின் சூட்டைப் பெற்ற பிறகு அதன் மேல் அளக்க வேண்டும்.

முதல் சிகிச்சை வெயிலைத் திருப்பி அனுப்புவது. பூச்சில்லாத சாம்பல் நிறக் கான்கிரீட் தன் மேல் விழும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. புதிதாகப் பூசிய வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு 70 முதல் 80 சதவீதம் வரை திருப்பிவிடும். ஆனால் அந்த அளவு புதுப் பூச்சுக்கு உரியது. தூசியும் பாசியும் படிந்ததும் அது குறையத் தொடங்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கழுவாத வெள்ளைக் கூரையைக் குறைகூறுவதில் பொருளில்லை. அலுமினிய நிறப் பெயின்ட் கண்ணுக்குப் பளபளத்தாலும், ஏறிய வெப்பத்தை வெண்பூச்சு அளவுக்குக் கதிர்வீச்சாக வெளியேற்றாது. ஆகவே வெள்ளையே மேல்.

அதன் பிறகும் உட்கூரை தகித்தால் வெப்பக் காப்பு தேவை. 50 மி.மீ. தடிமனுள்ள நுரைப்பலகை, வெப்பத்தைத் தடுப்பதில், இரண்டு மீட்டருக்கு மேல் தடித்த கான்கிரீட்டுக்குச் சமம். கான்கிரீட்டைத் தடிமனாக்கி வெப்பத்தைத் தடுக்க முயல்வது ஏன் வீண் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும். காப்பைத் தளத்துக்கு மேலே போடுவதா, அடியில் ஃபால்ஸ் சீலிங்காகப் போடுவதா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அடியில் போட்டால் அறை சீக்கிரம் குளிரும், செலவும் குறையும். ஆனால் தளம் அன்றாடம் சூடேறி விரிந்து சுருங்குவது தொடரும். 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. நீள்கிறது. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் கோட்டில் மெல்லிய வெடிப்பு தோன்றுவதற்கும், அதன் வழியே மழைநீர் இறங்குவதற்கும் இந்த அசைவு ஒரு முக்கியக் காரணம். எனவே வாய்ப்புள்ள இடங்களில் காப்பை மேலேயே போடுவதுதான் என் பரிந்துரை. மேலே போடும்போது நீர்க்காப்புப் படலத்தின் மீது வைக்கும் பலகை நீரை உறிஞ்சாத, அழுத்தி வார்த்த பாலிஸ்டைரீன் நுரையான எக்ஸ்பிஎஸ் வகையாக இருக்க வேண்டும். சாதாரண தெர்மகோல் காலப்போக்கில் நீரைப் பிடித்துக்கொள்ளும். அடியில் போடுவதென்றால் நுரைப்பலகையை அறைக்குத் தெரியும்படி விடக்கூடாது. தீப்பிடித்தால் அது உமிழும் புகை உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் ஜிப்சம் பலகையால் முழுமையாக மூட வேண்டும்.

வெள்ளித்தாள் போன்ற எதிரொளிப்புப் படலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் முன்னே காற்றிடைவெளி இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். கான்கிரீட்டுக்கும் பூச்சுக்கும் நடுவே அதை ஒட்டிப் புதைத்துவிட்டால் அங்கே எதிரொளிக்க எதுவும் இல்லை. அந்தப் பணம் போனதுதான்.

தடித்த சுவரும் தளமும் இரவில் குளிர்ந்து பகலில் அந்தக் குளிர்ச்சியைத் தரும் என்பது இரவுக் காற்று உண்மையிலேயே குளிரும் வறண்ட பகுதிகளுக்குப் பொருந்தும். இரவிலும் புழுக்கம் நீங்காத ஈரமான தட்பவெப்பத்தில் அதே தடிமன் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் சுமையாகிவிடுகிறது. அங்கே இலேசான சுவரும், நல்ல நிழலும், காற்றோட்டமுமே உதவும். எந்த இடத்திலும் வெளிக்காற்று உட்காற்றைவிடக் குளிர்ந்த பிறகே ஜன்னல்களைத் திறக்க வேண்டும். வெயில் நேரத்தில் திறந்து வைப்பது வெப்பத்தை வரவேற்பதாகும்.

ஒரு பக்கத்து அறை மட்டும் பிற்பகலில் தகிக்கிறது

காரணம் ஜன்னலா சுவரா என்பதை ஒரு நாளில் அறியலாம். வெயில் படும் கண்ணாடியை வெளிப்புறத்திலிருந்து அட்டையாலோ தடித்த துணியாலோ மறைத்துவிட்டு, முந்தைய நாளின் அளவோடு ஒப்பிடுங்கள். வெப்பம் கணிசமாகக் குறைந்தால் ஜன்னல், குறையாவிட்டால் சுவர். உள்ளே திரையைப் போட்டுச் சோதிப்பது பயன் தராது. கண்ணாடியைக் கடந்து வந்த வெயில் திரையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி தன் மேல் விழும் சூரிய ஆற்றலில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடுகிறது. மாலை வெயில் நேராக விழும் 2 சதுர மீட்டர் மேற்கு ஜன்னல், அறைக்குள் ஒரு மின்கணப்பை இயக்கி வைத்ததற்கு ஒப்பாகும்.

தலைக்கு மேல் நீட்டிய சன்ஷேட் உச்சி வெயிலைத் தடுக்கும், சாய்ந்த மாலை வெயிலைத் தடுக்காது. சூரியன் தாழ்ந்திருக்கும் கிழக்கு, மேற்குத் திசைகளுக்குச் செங்குத்து மறைப்புகள், வெளியில் தொங்கும் தட்டிகள், துளையுள்ள ஜாலிச் சுவர், சற்றுத் தள்ளி நிற்கும் மரம் ஆகியவையே பொருந்தும். கண்ணாடியில் ஒட்டும் கருநிறப் படலம் வெப்பத்தைக் கண்ணாடியிலேயே தேக்குவதால், இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில் விரிசல் உண்டாக்கக்கூடும். அந்தக் கண்ணாடிக்கு அந்தப் படலம் ஏற்றதுதானா என்று தயாரிப்பாளரிடம் கேட்ட பின்பே ஒட்ட வேண்டும்.

குற்றவாளி சுவர் என்றால் வெளிப்பூச்சை வெளிர் நிறமாக்குவது முதல் படி. கொடி படர விடுவதானால் சுவரில் நேரடியாகப் படரவிடாமல், சுவரிலிருந்து சற்று விலகிய சட்டத்தில் ஏற்ற வேண்டும். அந்த இடைவெளிக் காற்றே பாதி வேலையைச் செய்யும், சுவரும் ஈரப்படாது. இனிமேல் கட்டப்போகும் சுவர் என்றால் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைக் கருதலாம். செங்கல்லும் கலவையும் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். மின்குழாய்களைக் கட்டும்போதே உள்ளே வைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால்தான் இதில் இறங்க வேண்டும். பிறகு சுவரை வெட்டிக் குழாய் புதைப்பது இந்தக் கட்டுக்கு ஒத்துவராது.

சுவரில் ஈரம்

இந்த அறிகுறிக்குத்தான் மிக அதிகமான தவறான மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. ஈரத்தைக் கண்டதும் உட்புறச் சுவரில் நீர்க்காப்புப் பெயின்ட் அடிப்பதை முதலில் நிறுத்த வேண்டும். நீர் வெளியேறும் வழியை அடைத்தால் அது சுவருக்குள்ளேயே மேலே ஏறி, பெயின்ட் முடியும் இடத்துக்கு மேல் புதிய கறையாகத் தோன்றும். ஈரம் எந்த உயரத்தில், எந்தப் பருவத்தில், எந்த வடிவத்தில் தெரிகிறது என்பதைக் கொண்டே காரணத்தைப் பிரிக்கலாம்.

தரையிலிருந்து தொடங்கி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை அலைபோன்ற கோட்டில் நின்றுவிடும் ஈரம், அதன் விளிம்பில் வெண்ணிற உப்புப் பூத்தல், பொரிந்து உதிரும் பூச்சு ஆகிய மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். சுவரைத் தோண்டுவதற்கு முன் வெளியே சென்று பாருங்கள். அடித்தளத்தின் மேலுள்ள ஓதத்தடுப்புப் படலத்துக்கு மேல் மண்ணோ நடைபாதைத் தளமோ பூந்தொட்டியோ ஏறியிருந்தால், அந்தப் படலம் நன்றாகவே இருந்தும் நீர் அதைச் சுற்றிக் கடந்துவிடும். வெளித்தரையைப் படலத்துக்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இறக்கி, நீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்தாலே பல வீடுகளில் பாதிச் சிக்கல் தீரும். படலமே இல்லாத பழைய சுவரில், சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு நீரை விலக்கும் சிலேன் வகைக் களிம்பைச் செலுத்தும் முறை உண்டு. சுவரின் வகை அறிந்து செய்பவரிடம்தான் அதை ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது பூச்சு. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவர் தன் ஈரத்தை மேற்பரப்பு வழியே ஆவியாக்கி உயிர்வாழ்கிறது. அதன் மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் ஏறினால் மூச்சு அடைபட்டு, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளி உதிர்க்கும். சேதமுற்ற பூச்சை ஈரக் கோட்டுக்கு மேலேயும் ஓரளவு தட்டி எடுத்து, உப்பை உலர்ந்த தூரிகையால் மட்டும் அகற்றி, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்பு வெள்ளையும் பூச வேண்டும். உப்பை நீர்விட்டுக் கழுவினால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். உலர்வதற்கு எவ்வளவு காலம் என்று கேட்டால், 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானத் துறையின் தோராயக் கணக்கு, 230 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதங்கள் ஆகலாம். இந்தப் பொறுமை இல்லாமல் அடுத்த மாதமே பெயின்ட் அடிப்பதால்தான் அதே சுவர் ஆண்டுதோறும் பொரிகிறது.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும் முன் அதில் ஈயம் இருக்கிறதா என்று சோதிப்பது அவசியம். ஈயப் பெயின்ட்டை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதேபோல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைத் துளையிடவோ உடைக்கவோ கழுவித் தேய்க்கவோ கூடாது.

மழைக்காலத்தில் மட்டும் உட்கூரையிலும் சுவரின் மேல்பகுதியிலும் கறை படர்ந்தால் மொட்டை மாடியைச் சோதிக்க வேண்டும். மழைநீர்க் குழாயை அடைத்து, 25 முதல் 50 மி.மீ. உயரத்துக்கு நீரைத் தேக்கி, ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை அடியில் கவனிப்பது வழக்கமான சோதனை. 50 மி.மீ. நீர் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 50 கிலோ எடையை ஏற்றுகிறது. தளம் பழுதடைந்து கம்பி தெரியும் நிலையில் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் இருக்காது. கைப்பிடிச்சுவர் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தொட்டிக்கால், குழாய் துளைத்துச் சென்ற இடம் ஆகியவற்றிலேயே இருக்கும். மாடித்தோட்டம் அமைக்க எண்ணுபவர்கள் இந்தச் சோதனையில் தளம் தேறிய பிறகே வேர்த்தடுப்புப் படலத்தையும் மண்ணையும் ஏற்ற வேண்டும். மண் ஏறிய பிறகு கசிவைத் தேடுவது கொடுமையான வேலை.

மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும் ஈரம் குழாய்க் கசிவைக் காட்டுகிறது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானி ஓடுகிறதா என்று பாருங்கள். கழிவுநீர்க் குழாய் கசிந்தால் மானி காட்டிக்கொடுக்காது. குளியலறையை மூன்று நான்கு நாள் பயன்படுத்தாமல் விட்டு ஈரம் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும்.

மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்புள்ளிகளாகப் படர்வது பூஞ்சணம். அங்கே நீர் வெளியிலிருந்து வரவில்லை. அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. சந்தேகம் இருந்தால் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்புகளையும் நாடாவால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் அறைப்பக்கத்தில் துளி இருந்தால் அது காற்றின் ஈரம். பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் வளரும் என்பதால், அலமாரியைச் சுவரிலிருந்து 50 மி.மீ. ஆவது விலக்கி, துணி உலர்த்துவதை அறைக்கு வெளியே மாற்றி, குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களைக் கட்டடத்துக்கு வெளியே ஊதும்படி அமைக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஊதிவிடும் ஃபேன் ஈரத்தை ஒளித்து வைக்கிறதே தவிர வெளியேற்றுவதில்லை. படர்ந்ததைச் சோப்பு நீரில் நனைத்த துணியால், முகக்கவசமும் கையுறையும் அணிந்து துடைக்கலாம். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துகள் அறை முழுதும் பரவும். ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலோ தொழில்முறையில் செய்பவரை அழைப்பதே நல்லது.

ஏசி ஓடுகிறது, குளிர்கிறது, ஆனாலும் பிசுபிசுப்பு

அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி விரைவில் வெப்பத்தை இறக்கிவிட்டு நின்றுவிடும். ஈரத்தைப் பிழிந்து எடுக்க அதன் குளிர்ச்சுருள் தொடர்ந்து ஓட வேண்டும். அதற்குள் அது நின்றுவிடுவதால் அறை குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை கம்ப்ரெஸர் நின்று நின்று ஓடுகிறதா என்று கவனித்தால் இது தெரிந்துவிடும். இன்னும் பெரிய ஏசி வாங்குவது நோயை மேலும் வளர்க்கும். கம்ப்ரெஸர் நின்ற பிறகும் விசிறி ஓடும் அமைப்பு இருந்தால் அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். இல்லையெனில் சுருளில் தங்கிய நீர் மீண்டும் அறைக்கே ஆவியாகத் திரும்பும். வெப்ப இலக்கை 25, 26 டிகிரிக்கு உயர்த்தி, மேல்விசிறியையும் சேர்த்து ஓடவிடலாம்; உடலின் மீது வீசும் மிதமான காற்று, வெப்பம் 2 முதல் 3 டிகிரி குறைந்ததற்கு நிகரான சுகத்தைத் தரும்.

பிசுபிசுப்போடு வெளிச்சுவரின் உட்பரப்பில் பூஞ்சணமும் தெரிந்தால், சுவரில் ஒட்டியிருக்கும் வினைல் தாளைச் சந்தேகியுங்கள். 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்று ஏறத்தாழ 26 டிகிரி பரப்பைத் தொட்டாலே நீராகப் படியும். அந்தக் காற்று சுவர் வழியே உள்ளே ஊடுருவி, ஏசியால் குளிர்ந்த வினைல் தாளின் பின்புறத்தில் தடைபட்டு நீராகிறது. ஆவித்தடுப்பை அறையின் உட்புறத்தில் வைக்க வேண்டும் என்பது குளிர்நாடுகளின் விதி. வெப்பமும் ஈரமும் வெளியே இருக்கும் இடத்தில், குளிரூட்டிய கட்டடத்துக்கு அந்த விதி தலைகீழாகும். ஆவித்தடுப்பு வெளிப்புறத்தில் இருக்க வேண்டும், உட்புறம் ஈரத்தை வெளிவிடும் பூச்சாக இருக்க வேண்டும்.

விழித்ததும் தலைபாரம், மூடிய அறையில் மூச்சுமுட்டல்

முதலில் ஓர் எச்சரிக்கை. வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே சென்றதும் தணிந்தால், இந்தப் பகுதியைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். எரிவாயு வாட்டர் ஹீட்டர், ஜெனரேட்டர், கரியடுப்பு ஆகியவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உடனே எல்லோரும் வெளியேறி மருத்துவ உதவியை நாட வேண்டும். இடுக்குகளையெல்லாம் அடைத்த கட்டடத்தில் வலுவான எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது, அது இழுக்கும் காற்று புகைக்குழாய் வழியாகவே உள்ளே வந்து எரிவாயுப் புகையையும் சேர்த்து இழுக்கும். எரியும் கருவி உள்ள வீட்டில் மோனாக்சைடு எச்சரிக்கை மணி இல்லாமல் இடுக்கடைப்பு வேலையைத் தொடங்கவே கூடாது.

அந்த ஆபத்து இல்லை என்று உறுதியான பின், படுக்கையறையில் கார்பன் டை ஆக்சைடு அளவியை இரவு முழுதும் வைத்துப் பாருங்கள். விலை மலிந்த சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்து இதைக் கணித்துச் சொல்பவை. அகச்சிவப்பு ஒளியால் இந்த வாயுவையே நேரடியாக அளக்கும் என்டிஐஆர் உணரி உள்ள கருவியே நம்பத்தக்கது. வெளிக்காற்றில் இது இப்போது 420 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 420 பங்கை) தாண்டிவிட்டது. அறையில் 1000 பிபிஎம் என்ற எல்லையை 19ஆம் நூற்றாண்டிலேயே மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் முன்வைத்தார்; அந்த அளவில் இந்த வாயு தீங்கு செய்வதால் அல்ல, மனிதர் வெளிவிடும் மற்றவையும் காற்றோட்டம் இல்லாமல் தேங்குகின்றன என்பதற்கான அடையாளமாக. 36 கனமீட்டர் அறையில் இருவர் உறங்கினால், காற்று சிறிதும் மாறாத நிலையில் மணிக்கு ஏறத்தாழ 700 பிபிஎம் ஏறும். விழித்திருக்கும் ஒருவருக்கு 1000 பிபிஎம்முக்குள் நிறுத்த மணிக்கு 30 கனமீட்டர் அளவில் புதுக்காற்று வேண்டும்.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளைக் களைய வேண்டும். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி அறைக் காற்றையே சுழற்றுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. காற்றுச் சுத்திகரிப்பான் தூசியை வடிகட்டும், கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது.

தீர்வு எளிதானதிலிருந்து தொடங்கட்டும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்புகள் இருந்தால் காற்று குறுக்காகப் பாயும். ஊதுபத்திப் புகை எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கொண்டு அது நடக்கிறதா என்று பார்க்கலாம். ஒரே சுவரில்தான் ஜன்னல் உள்ளது என்றால் கதவுக்கு மேலே வென்டிலேட்டர் திறப்பது உதவும், ஏனெனில் சூடான காற்று மேலே தேடிப் போகும். வெளியே புகையும் தூசியும் மிகுந்திருந்தால் ஜன்னலைத் திறப்பது ஒரு தீங்கை மற்றொன்றால் மாற்றுவதாகும். பிஎம் 2.5 எனப்படும் மிகச் சிறிய நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு அளவைப் பரிந்துரைத்தது. அத்தகைய இடத்தில் வடிகட்டி பொருத்திய சிறு விசிறி வழியே காற்றை உள்ளே தள்ளுவதும், ஏசி அறையானால் வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை உள்வரும் காற்றுக்கு மாற்றித்தரும் மீட்புக் கருவியைப் பொருத்துவதும் தகும்.

புது வீட்டு மணமும் கண்ணெரிச்சலும்

மணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, ஒவ்வோர் அலமாரியையும் ஒரு நாள் மூடி வைத்துப் பிறகு திறந்து முகர்ந்தால் போதும். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் ஆகியவற்றின் பல வகைகளை ஒட்டவைக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின், பல மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் வரை வாயுவை உமிழும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் உமிழ்வும் கூடும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் உள்ளது. அறைக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு.

லேமினேட் ஒட்டிய முகப்பு வாயுவைப் பெரிதும் தடுக்கும். வெட்டிய விளிம்பும், திருகுத் துளையும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கமும்தான் வாசல்கள். ஆகவே விளிம்புப் பட்டை இல்லாத இடங்களையெல்லாம் அடைத்து, பின்பக்கத்தில் நீர் அடிப்படையிலான சீலரைப் பூசி, குடியேறும் முன் சில வாரங்களாவது அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் தர வேண்டும். வாசனைத் தெளிப்பான் அடிப்பது இன்னொரு வேதிப்பொருளைச் சேர்ப்பதே. இனி வாங்குவதற்கு, உமிழ்வு வகை குறிக்கப்பட்ட இ1 அல்லது அதைவிடக் குறைந்த உமிழ்வுள்ள பலகையையும், ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறைவான பெயின்ட்டையும் கேட்டு வாங்கலாம். அடிப்படைப் பெயின்ட் குறைந்த உமிழ்வுள்ளதாக இருந்தும், கடையில் கலக்கும் நிறச்சாந்து அதைக் கூட்டிவிடக்கூடும் என்பதையும் கேட்டுத் தெளிவது நல்லது.

பயன்படுத்தாத குளியலறையிலிருந்து சாக்கடை மணம் வந்தால் அதற்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஃப்ளோர் ட்ராப்பில் தேங்கி வாயுவைத் தடுக்கும் 50 மி.மீ. நீர் உலர்ந்திருக்கும். ஒரு வாளி நீர் ஊற்றினால் தீரும்.

மாற்றுக் கற்களால் கட்டிய சுவரில் வெடிப்பு

கல்லைக் குறைசொல்லும் முன் வெடிப்பின் வடிவத்தைப் பாருங்கள். கான்கிரீட் தூணும் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஓடும் மெல்லிய வெடிப்பு, இரு பொருள்களும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வருவது. இணைப்பின் இருபுறமும் சுமார் 150 மி.மீ. அகலத்துக்கு வலையைப் பதித்துப் பூசினால் அடங்கும். பூச்சில் மட்டும் சிலந்திவலைபோல் பரவியிருந்தால் சிமென்ட் மிகுந்த வலுவான கலவையே காரணம். அடிப்பரப்பைவிட மேற்பூச்சு வலுவாக இருக்கக்கூடாது என்பது ஏஏசி கல் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்), மண்கல் இரண்டுக்கும் பொருந்தும். ஏஏசி கல்லை நீரில் ஊறப்போட்டுக் கட்டினால், அது உலரும்போது சுருங்கி வெடிக்கும். பரப்பை இலேசாக நனைத்து, அதற்கென உள்ள மெல்லிய ஒட்டுக்கலவையால் கட்ட வேண்டும்.

அழுத்திய மண்கல்லில் சிமென்ட் வழக்கமாக 5 முதல் 8 சதவீதம் சேர்க்கப்படுகிறது. கல் உதிர்ந்தால் பெரும்பாலும் நீராற்றுதல் போதவில்லை. செய்த கல்லை நிழலில் மூடி, வாரக்கணக்கில் ஈரம் காக்காமல் வெயிலில் அடுக்கியிருப்பார்கள். வெடித்தால் மண்ணில் களி மிகுதி. ஒரு கண்ணாடிக் குடுவையில் மண்ணையும் நீரையும் குலுக்கிப் படியவிட்டால் மணலும் வண்டலும் களியும் அடுக்கடுக்காகத் தெரியும். அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பு ஆலைக் கசடோ கலந்த சிமென்ட் மெதுவாக வலுப்பெறுவதால், சாதாரண சிமென்ட்டுக்குப் போதுமான ஒரு வார நீராற்றுதல் இதற்குப் போதாது. குறைந்தது 10 நாள் தேவை. சிமென்ட்டின் சூளையில் சுட்ட மூலப்பொருளான கிளிங்கரைக் குறைப்பதால் கார்பன் உமிழ்வு குறைகிறது என்ற நன்மையை, இந்தக் கூடுதல் நாள்களைக் கொடுத்துத்தான் பெற முடியும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, 3 மி.மீ.க்கு மேல் அகன்ற வெடிப்பு வேறு வகை. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில வாரங்களில் அது கோட்டைத் தாண்டினால் பூசி மறைக்காமல் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் மின்கட்டணம் குறையவில்லை

சென்ற மாதத்தோடு ஒப்பிட வேண்டாம், வெயில் மாறியிருக்கும். முந்தைய ஆண்டின் அதே மாதத்து யூனிட் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள், ரூபாயில் அல்லது வேறு பணத்தில் அல்ல, ஏனெனில் கட்டண விகிதம் மாறியிருக்கலாம். பிறகு எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு மின்மானி நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் ஒவ்வொரு சுவிட்சாக மின்பலகையில் அணைத்து எந்தச் சுற்றில் அது நிற்கிறது என்று கண்டுபிடிக்கலாம். கசியும் மேல்தொட்டியை இரவெல்லாம் நிரப்பும் மோட்டாரும், எப்போதும் இயங்கும் வாட்டர் ஹீட்டரும் அடிக்கடி பிடிபடுகின்றன.

பகலிலும் விளக்கெரியும் அறை இருந்தால் அதையும் இங்கேயே கவனிக்கலாம். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் பயனுள்ள பகலொளி செல்லும். அதற்கு அப்பால் மேசையைப் போட்டுவிட்டு ஜன்னலை அகலப்படுத்தினால் வெப்பம்தான் கூடும். மேசையை நகர்த்துவது, உட்கூரையை வெண்மையாக்குவது, வாய்ப்பிருந்தால் ஜன்னலை உயரவாக்கில் நீட்டுவது என்ற வரிசையில் முயலலாம்.

இவையும் சரியாக இருந்தால், வெப்பம் குறைந்த அறையில் பழைய வழக்கப்படியே ஏசியின் இலக்கு 20, 21 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று ரிமோட்டைப் பாருங்கள்.